கழிவில்லாத கடைசிச் சீட்டு

சோதி அண்ணையைப் பற்றிக் கதைக்கிற எல்லாரும் முதலிலை அவற்றை கதிரையளைப் பற்றித்தான் கதைப்பினம். முழுப்பேர் சோதிலிங்கம். நோர்வேயிலை, ஒஸ்லோ நகரத்து அம்மருட்டிலை எங்கடை மாடிக் கட்டடத்திலை என்ரை வீட்டுக்கு எதிர்க் கதவு. கீழ் நிலவறையிலை மடக்குக் கதிரையளாய் வாங்கி அடுக்கி வைச்சிருந்தவர். சாமத்தியச் சடங்கெண்டாலும் சரி, செத்தவீடெண்டாலும் சரி, தன்ரை வானிலை ஏத்திக்கொண்டு போய் இறக்கிப்போட்டு வருவார். வாடகை எண்டு ஒரு சதம் வாங்கமாட்டார். திருப்பிக் கொண்டுவரேக்கை காலுடைஞ்சு வந்தாலும் வாய் திறக்கமாட்டார். நான் எண்டால் அந்த இடத்திலையே நாலு கேள்வி கேட்டிருப்பன். மேரியம்மாவுக்கு வாய் நீளம் எண்டு சனம் சொல்லுறது. சொல்லட்டும், முதியோர் இல்லத்துக் குசினியிலை இத்தினை வருசம் குப்பை கொட்டினவளுக்கு வாயும் இல்லாட்டி வேறை என்ன இருக்கு?

அவருக்கு மரக்கறியும் பழமும் வந்து இறங்கிற பெரிய களஞ்சியம் ஒண்டிலை பாரம் தூக்கிற வண்டி ஓட்டுற வேலை. மனிசி கமலாதேவி பள்ளிக்கூடம் ஒண்டிலை அரைநேரத் துப்புரவு. ஒரே ஒரு பிள்ளை, அபிஷா. வங்கிக் கடன் எடுத்து வாங்கின மூண்டறை வீடு. அதைத் தவிர அவையளுக்கு வேறை சொத்துப்பத்து எண்டு ஒண்டும் இல்லை. மனிசன் குடுக்கத்தான் பழகினவர், வாங்கத் தெரியாது. நீங்கள் ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடுத்தால் அடுத்த நாள் கேக் பெட்டியோடை கதவைத் தட்டுவார். சில நேரம் எனக்கு எரிச்சலாயும் இருக்கும்.

இரண்டாயிரத்து மூண்டு எண்டு நினைக்கிறன், ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கப் போனவர் கடன் அட்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். அட்டை குடுக்கிற மேசையிலை நிண்டது ஒரு தமிழ்ப் பெடியன். இந்தக் கட்டத்திலை ஒரு புள்ளடி போட்டால் காப்புறுதியும் சேரும், வருத்தம் வந்து வேலைக்குப் போகேலாமல் கிடந்தால் மாதக் கட்டுக்காசை அவங்களே கட்டுவாங்கள், செத்தால் முழுக்கடனும் இல்லாமல் போகும் எண்டு விளங்கப்படுத்தியிருக்கிறான். அண்ணையும் புள்ளடியைப் போட்டிட்டு வந்திட்டார். அண்டையிலையிருந்து அட்டையிலை எவ்வளவு நிலுவை கிடக்கோ அதுக்கேத்த மாதிரி மாதாமாதம் காப்புறுதிக்கு ஒரு தொகை வெட்டுப்படும். ஏனப்பா இந்த வீண் செலவு எண்டு கமலா கேட்டால், இது சீட்டுக்காசு மாதிரி, எங்கடை காசு அங்கை பத்திரமாக் கிடக்குது எண்டுவார்.

சீட்டு எண்டால் எங்கடை சனத்துக்குச் சோறு தண்ணி மாதிரி. இருபது பேர் சேர்ந்து மாதாமாதம் காசு போடுறது. அவசரக்காரன் தனக்கு வாற தொகையிலை கொஞ்சத்தைக் கழிவா விட்டு முதலிலை எடுப்பான். பொறுத்திருக்கிறவன் கடைசிச் சீட்டைக் கழிவில்லாமல் முழுசா எடுப்பான். சோதி அண்ணை எந்தச் சீட்டிலையும் கடைசி ஆள்தான். முந்திக்கொண்டு எடுக்கிறவையைப் பாத்து, காசுக்குப் பறக்குதுகள் எண்டு பகிடி பண்ணுவார். காப்புறுதியையும் அந்தக் கணக்கிலைதான் வைச்சிருந்தவர். எவ்வளவு பிந்தி எடுக்கிறமோ அவ்வளவு நல்லதெண்டு. கோதாரி பிடிச்ச அந்த ஒரு நினைப்புத்தான் அவையளைக் கவிட்டது.

இரண்டாயிரத்து ஏழு மாசியிலை அவருக்குப் பெருங்குடலிலை கான்சர் எண்டு சொல்லிப்போட்டினம். அதே மாதம்தான் அபிஷாவுக்கு ஸ்தவாங்கர் நகரத்திலை ஒரு சம்பந்தம் சரிவந்தது. மாப்பிளை எண்ணெய்க் கொம்பனியிலை பொறியியலாளர். தகப்பன் இரத்தினவேல், மூக்கு நுனியிலை கௌரவத்தை வைச்சுக்கொண்டு திரியிற மனிசன். எங்கடை ஆக்களைத் தெரியும்தானே. பெட்டையின்ரை தகப்பனுக்கு உந்த வருத்தம் எண்டு கேள்விப்பட்டால், பரம்பரையிலை இருக்கோ, நாளைக்குப் பிள்ளைக்கும் வருமோ எண்டு ஆயிரம் கதை வரும். கதை வந்தால் சம்பந்தம் போச்சுது. தாலி ஏறுமட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாதெண்டு கமலாவின்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம் வாங்கிப்போட்டார். அபிஷாவுக்குக்கூடச் சொல்லேல்லை.

வைத்தியர் வேலைக்கே போகக்கூடாதெண்டு சுகவீன விடுப்பு எழுதிக் குடுத்தவர். வேலைத்தலத்திலை நாரிப்பிடிப்பு, குனிஞ்சு நிமிர ஏலாது எண்டு சொல்லி வைச்சார். ஆசுபத்திரியிலை தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் எண்டிட்டார். ஒஸ்லோவிலை தமிழிலை மொழிபெயர்க்கிற ஆக்களை விரல் விட்டு எண்ணலாம், குரலைக் கேட்டாலே ஆரெண்டு விளங்கும். அரைகுறை நோர்வேஜிய மொழியோடை தன்ரை சாவுக் கதையைத் தானே கேட்டு, பாதி விளங்கி, பாதி விளங்காமல் வருவார். மருந்து ஏத்தித் தலைமயிர் கொட்டினவுடனை, பிள்ளையின்ரை கலியாணத்துக்கு நேர்த்தி வைச்சு மொட்டை போட்டதெண்டு சொன்னார். சனம் அதையும் நம்பி, என்ன பக்தி எண்டு மெச்சினது.

எனக்குத் தெரியவந்தது ஸ்ட்ரோம்மனிலைதான். வேலை நாள், காலமை நேரம், கடைத்தொகுதியிலை சனம் குந்தி ஆறுற வாங்கிலை மனிசன் வேலைச் சட்டையோடை, சோத்துப் பெட்டியை மடியிலை வைச்சுக்கொண்டு இருக்கிறார். எங்கடை கட்டடத்திலை மாடிக்கு மாடி தமிழ்க் குடும்பங்கள். அவையளின்ரை கண்ணுக்காக ஒவ்வொரு நாளும் வேலைக்கு வெளிக்கிடுற மாதிரி வெளிக்கிட்டு வந்து இஞ்சை குந்தியிருக்கிறார். என்னைக் கண்டவுடனை எழும்பப் பாத்தார், ஏலேல்லை. பிறகு எல்லாத்தையும் சொன்னார். எனக்கு முதலிலை ஆத்திரம்தான் வந்தது, அழுகை வீட்டை வந்து கதவைப் பூட்டினாப் பிறகுதான்.

காசுக்கு என்ன செய்யிறியள் எண்டு கேட்டன். அப்பதான் காப்புறுதிக் கதையை எடுத்தார். அந்தக் காசை எடுக்கிறதெண்டால் ஒரு தாளிலை வைத்தியர் வருத்தத்தின்ரை பேரை எழுத வேணும், அதே தாளிலை வேலைத்தலமும் கையெழுத்து வைக்க வேணும். சம்பளக் கந்தோரிலை இருக்கிற பெடியன் இரத்தினவேலின்ரை மனிசிக்குச் சொந்தம். இப்பவே அனுப்புங்கோ, வாறது வரட்டும் எண்டு பேசினனான். மனிசன் சிரிக்கிறார்.

"மேரி, அது எங்கை ஓடப்போகுது? கலியாணம் முடியட்டும். கடைசியா எடுக்கிறவனுக்குக் கழிவில்லை."

கலியாணத்தை அந்த வருசம் வைகாசியிலை வைக்கிறதாத்தான் இருந்தது. சித்திரையிலை மாப்பிளையின்ரை அப்பப்பா ஊரிலை செத்துப்போனார். ஆட்டைத் திவசம் முடியாமல் நல்ல காரியம் செய்யக்கூடாதெண்டு இரத்தினவேல் ஒரே பிடியா நிண்டிட்டார். ஒரு வருசம் தள்ளிப் போச்சுது. அதுக்கு ஆரைக் குறை சொல்லுறது? முறை அதுதான். ஆனால் சோதி அண்ணை அந்த ஒரு வருசமும் சோத்துப் பெட்டியோடை வாங்கு வாங்காத் திரிஞ்சார். சுகவீனச் சம்பளமும் ஒரு வருசத்தோடை நிண்டு, குறைஞ்ச உதவிப் பணம் வரத் தொடங்கினது. கையிலை இருந்ததெல்லாம் கரைஞ்சுபோக, மண்டபம், சாப்பாடு, ஸ்தவாங்கர் ஆக்களுக்கு ஹோட்டல் எண்டு எல்லாத்தையும் அட்டையிலை போட்டார். ஒண்டரை லட்சம் குரோனருக்குக் கிட்ட. சம்பந்தியிட்டை ஒரு சதம் கேக்கேல்லை. பந்தியிலை நிண்டு பரிமாறினவர், வேட்டி இடுப்பிலை நிக்காமல் பெல்ட் கட்டிக்கொண்டு. பாக்க வடிவான கலியாணம்தான், அதைச் சொல்லத்தான் வேணும்.

கலியாணம் முடிஞ்சு, பிள்ளை ஸ்தவாங்கருக்குப் போனாப் பிறகு, ஆனியிலை தாளை நிரப்பி அனுப்பினம். நான்தான் எழுதினனான். பதில் கெதியா வந்தது. வருத்தம் எண்டு தெரிஞ்ச நாளிலையிருந்து ஒரு வருசத்துக்குள்ளை அறிவிச்சிருக்க வேணும், அறிவிக்கேல்லை, ஆனபடியால் ஒண்டும் தர ஏலாது. மரியாதையான எழுத்து. அடியிலை, கெதியாச் சுகம் வர வாழ்த்து எண்டும் எழுதியிருந்தவங்கள்.

எனக்கு விசர் வந்திட்டுது. சட்டம் படிக்கிற பிள்ளையள் காசில்லாமல் ஆலோசனை சொல்லுற இடம் ஒண்டு நகரத்திலை இருக்கு. அண்ணையையும் கமலாவையும் கூட்டிக்கொண்டு அங்கை போனன். ஒரு நோர்வேப் பெட்டை, அபிஷாவின்ரை வயசுதான் இருக்கும், எல்லாத் தாளையும் பொறுமையா வாசிச்சாள். சட்டத்திலை ஒரு வருசம் எண்டு கிடக்குது, அதை மாத்த ஏலாது எண்டாள். நான் விடேல்லை. இந்த மனிசன் ஐஞ்சு வருசமாக் காசு கட்டியிருக்கிறார், அதாவது திரும்பி வராதோ எண்டன். வராது, காப்புறுதி சேமிப்பில்லை எண்டாள். அப்ப காப்புறுதி காசு தரேல்லையெண்டால் வங்கி கடனையாவது குறைக்க வேணுமெல்லோ, ரண்டையும் ஒரே மேசையிலை வைச்சு ஒரே பெடியன்தானே வித்தவன் எண்டு கேட்டன்.

அதுக்கு அவள் சொன்னதை நான் இண்டைக்கும் மறக்கேல்லை. சட்டத்தின்ரை கண்ணுக்குக் கடன் ஒரு ஒப்பந்தம், காப்புறுதி இன்னொரு ஒப்பந்தமாம். ஒண்டு விழுந்தால் மற்றது விழாதாம். காப்புறுதி எடுத்தால்தான் அட்டை எண்டு வங்கி கட்டாயப்படுத்தியிருந்தால், அந்தச் செலவையும் கடனின்ரை விலையோடை சேர்த்து, வட்டி வீதத்திலையே காட்டியிருக்க வேணுமாம். இவர் தானாப் புள்ளடி போட்டபடியால் அது கடன் செலவிலை சேராதாம். அவர் விரும்பித்தானே எடுத்தவர் எண்டாள். விரும்பி எடுத்தவராம். என்ன எடுக்கிறன் எண்டு தெரியாமல் விரும்பினதுக்கும் சட்டத்திலை அதே பேர்தான். அவளிலை பிழையில்லை, கண் கலங்கித்தான் சொன்னவள். எனக்குத்தான் ஆரோடையாவது சண்டை பிடிக்க வேணும் போலை இருந்தது.

பிறகு அவள் கடைசித் தாளைத் திருப்பிப் பாத்து, சாவுக்கான பகுதி இன்னும் இருக்குது எண்டாள். அவர் இறந்தால் அந்த நேரத்திலை அட்டையிலை இருக்கிற கடன் முழுக்கத் தீரும், வீட்டிலை இருக்கிற ஆக்களுக்கு ஒரு சுமையும் வராது. ஆனால் அட்டை ஓடிக்கொண்டிருக்க வேணும். மாதக் கட்டுக்காசு தவறி, வங்கி அட்டையை முறிச்சால் அண்டையோடை காப்புறுதியும் முடிஞ்சுது. நான் இதைத் தமிழிலை சொன்னன். அதுவரைக்கும் நிலத்தைப் பாத்துக்கொண்டிருந்த சோதி அண்ணை நிமிந்தார். அட்டை ஓடுமட்டும் நிச்சயமோ எண்டு ஒருக்காக் கேளுங்கோ எண்டார். கேட்டன். ஓம், நிச்சயம் எண்டாள். திரும்பி வரேக்கை ரெயிலிலை அவற்றை முகத்திலை ஒரு தெளிவு. எனக்கு அது அப்ப விளங்கேல்லை.

அடுத்த மாதங்களிலை மனிசன் சாப்பிடாமல் விட்டார். வாய் கசக்குது, வயிறு ஏற்குதில்லை எண்டார். உந்த வருத்தத்திலை எல்லாரும் சொல்லுறதுதானே எண்டு நாங்கள் நம்பினம். கமலா இன்னொரு இடத்திலையும் துப்புரவு வேலை பிடிச்சு, அந்தக் காசிலை அட்டையின்ரை மாதக் கட்டுக்காசைக் கட்டினாள். ஒவ்வொரு மாதமும் அவர் கேக்கிறது ஒரே ஒரு கேள்வி, கட்டினியோ? கட்டினன் எண்டால் கண்ணை மூடிக்கொண்டு படுத்திடுவார். ஐப்பசியிலை ஒரு நாள் நான் கஞ்சி கொண்டுபோய்க் குடுத்திட்டு, கொஞ்சத்தாலை எட்டிப் பாத்தன். குசினியிலை நிண்ட கமலாவுக்குக் கேக்காமல், அதைப் பூச்சாடிக்குள்ளை ஊத்திக்கொண்டிருக்கிறார். அதே கிழமை ஆசுபத்திரியிலையிருந்து தாதி எனக்கு ரெலிபோன் எடுத்தாள், அண்ணையும் கமலாவும் என்ரை நம்பரைத்தான் குடுத்திருந்தவை. அடுத்த மருந்தேத்தலை வேண்டாம் எண்டு உங்கடை ஆள் தானாச் சொல்லிப்போட்டார், இன்னும் கொஞ்சக் காலம் இழுக்க வழியிருந்தது, ஏனெண்டு கேட்டுச் சொல்லுங்கோ எண்டாள்.

கமலாவிட்டைச் சொன்னன்.  ரண்டு பேருக்கும் அப்பதான் விளங்கினது. அட்டை ஓடிக்கொண்டிருக்கேக்கையே செத்துப்போக வேணும் எண்டு மனிசன் அவசரப்படுறார். வாழ்நாளிலை முதல் தடவையா ஒரு சீட்டை முந்தி எடுக்கப் பாக்கிறார், கமலாவுக்கு வீட்டை மிச்சம் விடுறதுக்காக.

அதுக்குப் பிறகு அவள் கட்டேல்லை, அவர் கேக்கேக்கை மட்டும் கட்டினன் எண்டு சொல்லியிருக்கிறாள். அது எனக்கு மார்கழியிலைதான் தெரியும். வங்கிக் கடிதங்கள் கத்தையா அலுமாரிக்குள்ளை கிடந்தது. நான் கத்தினன். விசரியே நீ, இவ்வளவு நாள் கட்டினனி, வைத்தியர் சொன்ன கணக்குக்கு இன்னும் ரண்டு மூண்டு மாதம்தானே, வீட்டைத் துலைக்கப் போறியோ எண்டு வாயிலை வந்ததெல்லாம் சொன்னன். அவள் முழுக்கக் கேட்டிட்டு, மெல்லமாச் சொன்னாள்.

"அக்கா, காசு கட்டுற ஒவ்வொரு முறையும் இந்த மாதமாவது சாவாரோ எண்டு என்ரை மனமும் கணக்குப் பாக்கத் துவங்கீட்டுது. அவரும் அதுக்குத்தான் பாத்துக்கொண்டு கிடக்கிறார். நாங்கள் ரண்டு பேரும் ஒரே நாளைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறம்."

 கடன் வாங்கித் தாறன் எண்டும் சொல்லிப் பாத்தன், தலையாட்டி மறுத்திட்டாள். தையிலை வங்கி அட்டையை முறிச்சுக் கடிதம் போட்டது. அதை அவருக்குத் தமிழிலை வாசிச்சுக் காட்டச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். அவர் கட்டிலிலை, எலும்பும் தோலுமா. நான் வாசிச்சன். அட்டை முறிஞ்சுது, காப்புறுதியும் முடிஞ்சுது, முழுத்தொகையும் உடனை கட்ட வேணும். நான் பொய் சொல்லுறனோ எண்டு என்ரை முகத்தையே பாத்தார். பிறகு கமலாவைப் பாத்தார். அவள் கையிலை சோத்துக்கஞ்சிக் கோப்பை.

"இனி நீங்கள் செத்தாலும் ஒரு சதம் வராது. வாயைத் திறவுங்கோ."

வீடு எண்டார், சத்தம் வரேல்லை, உதடு மட்டும்தான் அசைஞ்சது. வீடு போகட்டும் எண்டாள். மனிசன் அழுதார். அப்பிடி அழுது நான் கண்டதில்லை. அழுதழுது வாயைத் திறந்தார். அவள் ஊட்டினாள், பாதி கன்னத்தாலை வழிஞ்சது, துடைச்சுத் துடைச்சு ஊட்டினாள். எனக்கு அங்கை நிக்க ஏலாமல் வெளிக்கிட்டிட்டன்.

மருந்தேத்தலுக்கும் திரும்பப் போனவர், ஆனால் காலம் பிந்திப் போச்சுது. பங்குனி முடியிறதுக்குள்ளை செத்துப்போனார். அட்டைக்கடனும் வீட்டுக்கடனும் சேர, அவள் ஒருத்தியின்ரை துப்புரவுச் சம்பளம் எந்த மூலைக்குக் காணும்? வீடு வித்துப்போச்சு. வித்த காசிலை கடன்காரர் எடுத்தது போக மிஞ்சினது அவற்றை அந்தியேட்டிச் சடங்குச் செலவுக்கே காணேல்லை. இப்ப ஆற்றையோ வீட்டு நிலவறையிலை ஒரு அறை எடுத்து இருக்கிறாள். முகட்டுக்குக் கிட்ட ஒரு சின்ன யன்னல்தான். கோயிலிலை சனம், மூண்டு மாதக் காசைக் கட்டாமல் விட்டு வீட்டைத் துலைச்சவள் எண்டு அவளின்ரை காதிலை விழுகிற மாதிரியே சொல்லுது. அதுகளின்ரை வாயிலை கொள்ளி வைக்க வேணும் போலை வரும். ஆனால் கமலா என்னட்டையும் சத்தியம் வாங்கி வைச்சிருக்கிறாள், தகப்பன் ஏன் பட்டினி கிடந்தவர் எண்டு பிள்ளைக்குத் தெரியக்கூடாதெண்டு. வருத்தம் கலியாணத்துக்குப் பிறகுதான் பிடிபட்டதெண்டு அவளுக்குச் சொல்லி வைச்சிருக்கு; கலியாணத்துக்காக மறைச்ச கதை தெரிஞ்சால் அவள் அந்தத் தாலியோடை எப்பிடிச் சீவிப்பாள் எண்டு கேக்கிறாள். 

போன கிழமை அபிஷா ஸ்தவாங்கரிலையிருந்து வந்திருந்தாள், வயித்திலை பிள்ளையோடை. நிலவறை அறையைச் சுத்திச் சுத்திப் பாத்தாள். ஈரமணம், மூலையிலை அப்பாவின்ரை படம். இரத்தினவேலின்ரை வீட்டிலை அவளை என்ன சொல்லிக் குத்தினவையோ தெரியாது, முகம் கடுத்துப்போயிருந்தது. ஒருக்காலும் தாயோடை குரல் உயத்திக் கதைக்காத பிள்ளை.

"அப்பா ஐஞ்சு வருசம் கட்டினவரம்மா. கடைசி மூண்டு மாதம், உங்களாலை கட்ட ஏலாதோ? ஏன் விட்டனீங்கள்?"

கமலா தேத்தண்ணிக் கோப்பையை அவளின்ரை கையிலை குடுத்தாள்.

"மறந்துபோனன் பிள்ளை" எண்டாள்.